தண்ணீரின் தேதி, திருநாளின் தேதி

தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமங்களில் சாமி இருக்கிறதா இல்லையா என்று வீட்டுக்குள் யாரும் வாதம் செய்ததில்லை. மேடையில் நடந்திருக்கிறது, நிறையவே நடந்திருக்கிறது. கீழத்தஞ்சையில் செங்கொடி ஏறிய ஊர்கள் ஏராளம். திராவிடர் கழகத்துக்கும் இந்த மண்ணில் ஆழமான வேர் உண்டு. விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கொடிக்கம்பமும் காளியம்மன் கோயில் வேப்பமரமும் ஒரே திடலில் நிற்கும். சங்கக் கூட்டத்துக்கு மைக்செட் கட்டியவரே திருவிழாவுக்கும் கட்டுவார். எங்கள் குடும்பத்திலும் கறுப்புச் சட்டை மாமா ஒருவர் இருந்தார். கோயில் வாசல்படி மிதிக்காதவர். ஆனால் ஆடி பிறந்துவிட்டால் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் சப்பரம் செய்து கொடுப்பது அவர்தான். மூங்கில் பிளாச்சு, பலகையில் அறுத்த சக்கரம், கலர்த்தாள், பசைக்குக் கஞ்சி. எல்லாம் முடிந்ததும் உள்ளே ஒட்ட வேண்டிய சாமி படத்தை மட்டும் என் அம்மாவிடம் நீட்டுவார். “சக்கரம் என் பொறுப்பு. சாமி உன் பொறுப்புக்கா” என்பார்.

டெல்டாக் குடும்பங்களின் பக்தியை இந்த வேலைப் பிரிவினையிலிருந்து பார்த்தால்தான் பிடிபடும். நம்புகிறாயா என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. காப்பரிசிக்கு ஊறப்போட்டாச்சா, மாவிலை பறிச்சாச்சா, கோயில் வரி குடுத்தாச்சா என்றுதான் கேட்டார்கள். வேலையை யார் செய்வது, எந்த நாளில் செய்வது என்ற இரண்டும்தான் கடந்த நாற்பது ஐம்பது ஆண்டுகளில் மாறியிருக்கின்றன. பக்தி குறைந்துவிட்டது என்று வருத்தப்படுகிறவர்களையும் கூடிவிட்டது என்று மெச்சுகிறவர்களையும் அடிக்கடி சந்திக்கிறேன். இரண்டு தரப்பாரும் கோயிலில் கூடும் கூட்டத்தை வைத்தே கணக்குப் போடுகிறார்கள். அடுக்களையிலும் வயலிலும் ஆற்றங்கரையிலும் நடந்தது அந்தக் கணக்கில் வராது.

நாள் மாறியதை முதலில் எடுத்துக்கொள்வோம். ஆடிப்பெருக்கான ஆடி பதினெட்டு ஆகஸ்ட் 2 அல்லது 3-இல் வரும். ஜூன் மாதம் குடகில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் காவிரி சிவந்து இறங்கும். மேட்டூர் அணை 1934-இல் திறக்கப்படும்வரை அந்தத் தண்ணீர் தன் இஷ்டத்துக்கு வந்தது. 1924-இல் வந்ததுபோல ஊர்களை அடித்துக்கொண்டும் வந்தது. அணை கட்டிய பிறகு ஜூன் 12 என்று ஒரு தேதி நிலைத்தது. அன்றைக்கு மேட்டூரில் மதகைத் தூக்கினால் மூன்று நான்கு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்துவிடும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, பிறகு குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, பாமணியாறு என்று மேலும் மேலும் பிரிந்து, கடைமடையான தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் போய்ச் சேரச் சில வாரங்கள் ஆகும்.

காய்ந்து கிடக்கும் வாய்க்காலில் புதுத்தண்ணி வருவதைப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் கண்ணுக்குத் தெரிவது சருகும் நுரையும்தான். அதற்குப் பின்னால் குழம்புபோல் ஒரு விளிம்பு, வெடித்த மண்ணுக்குள் இறங்கி, குமிழ் விட்டு, நிரம்பி, அப்புறம் நகரும். ஆள் நடக்கிற வேகம்கூட இருக்காது. அதற்கு முன்னால் பையன்கள் பின்னோக்கி ஓடிக்கொண்டே ஊருக்குச் சேதி சொல்வார்கள். வயசாளிகள் செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் நிற்பார்கள். யாரும் மந்திரம் சொல்வதில்லை. குனிந்து ஒரு கை அள்ளித் தலையில் தெளித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். கல்லணையில் இதே காரியம் பெரிய அளவில் நடக்கும். அங்கே பிள்ளையாருக்கும் ஆஞ்சநேயருக்கும் பூசை போட்டு, அமைச்சர்கள் பூவும் நெல்லும் தூவ, தண்ணீர் திறக்கப்படும். எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் நெல் தூவுவது நின்றதில்லை.

ஆகவே ஆடி பதினெட்டு வருவதற்குள் ஆற்றில் ஐம்பது நாள் தண்ணீர் ஓடியிருக்கும். குறுவை பச்சை பிடித்திருக்கும். சம்பாவுக்கு நாற்றங்கால் தயாராகிக்கொண்டிருக்கும். தண்ணீர் வந்துவிட்டது, இனி பயமில்லை என்று குடும்பம் மூச்சு விடுகிற இடத்தில் அந்தத் திருநாள் இருந்தது. கல்கி ‘பொன்னியின் செல்வ’னை ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்கியதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். நிறைந்த நீரைக் காட்டிவிட்டால் சோழ நாட்டைப் பற்றி மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

அந்த நாளின் வேலை முழுக்கப் பெண்களுடையது. ஒன்பது நாள் முன்பே கொட்டானில் நவதானியம் தூவி இருட்டறையில் முளைப்பாரி வைத்திருப்பார்கள். வெளிச்சம் படாததால் மஞ்சள் வெளுப்பாக வளர்ந்து நிற்கும். முதல்நாள் இரவு பச்சரிசி ஊறும். காலையில் நீரை வடித்து, வெல்லம் பொடித்துப் போட்டு, எள்ளும் பாசிப்பருப்பும் தேங்காய்ச் சில்லும் கலந்தால் காப்பரிசி. எலுமிச்சை, தேங்காய், புளி, தயிர் என்று சாதங்கள் தனியே. புளிப்புச் சாதம் ஏன் என்றால் ஆடியில் காவிரிக்கு மசக்கை என்பாள் எங்கள் அப்பாயி. பிள்ளை பெற்றவள் இன்னொரு பிள்ளைத்தாச்சியைப் பற்றிச் சொல்வதுபோல, மிகச் சாதாரணமாகச் சொல்வாள். ஸ்ரீரங்கத்தில் ரங்கநாதரே அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளி, யானை மேல் வந்த சீரைக் காவிரிக்குக் கொடுக்கிறார். கிராமத்தில் அந்தச் சீரை வீட்டுப் பெண்கள் கொண்டுபோனார்கள்.

படித்துறையில் நடந்ததைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். கீழ்ப்படியில் கையால் சேறு வழித்து, தண்ணீர் தெளித்து, நுனியிலை போடுவார்கள். மஞ்சளைப் பிசைந்து பிடித்த பிள்ளையார் தலையில் அருகம்புல் இரண்டு. வெற்றிலை, பாக்கு, பழம், காப்பரிசி, காதோலை, கருகமணி. பக்கத்தில் மஞ்சள் தடவிய நூல்கயிறுகள் ஒரு கற்றையாக. சூடம் காட்டியதும் மூத்த சுமங்கலி மற்றவர்களுக்குக் கயிறு கட்டிவிடுவாள். அந்த வருஷம் கல்யாணமான பெண்ணுக்குத் தாலிக்கயிறு மாற்றுவார்கள். மாசக்கணக்காக உத்தரத்தில் தொங்கிய கல்யாண மாலை, பூவெல்லாம் உதிர்ந்து நாரும் சருகுமாக ஆற்றில் விடப்படும். காதோலை கருகமணியும் முளைப்பாரியும் அதன் பின்னால் போகும். வாழைமட்டையில் வைத்த விளக்கு அடுத்த துறைவரை அணையாமல் போனால் பெண்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அடுத்த துறை என்றேன். அது யாருடைய துறை என்பதும் எழுதப்படாத சட்டமாக இருந்தது. அக்கிரகாரத்துக்கு ஒன்று, ஊர்த்தெருவுக்கு ஒன்று, சேரிப் பெண்களுக்கு ஆற்றின் போக்கில் எல்லோருக்கும் கீழே ஒன்று. நாற்றுப் பறித்து நடவு நட்ட கைகள் அந்தக் கடைசித் துறையில்தான் கயிறு கட்டிக்கொண்டன. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிந்து போனது இதே வயல்களுக்கு நடுவில்தான். ‘அந்தக் காலத்துத் திருவிழா’ என்று யாராவது கண்ணை மூடிக்கொண்டு உருகும்போது எனக்கு இது ஞாபகத்துக்கு வந்துவிடும். வீட்டுக்குள்ளேயும் அப்படி ஒரு கடைசித் துறை இருந்தது. காப்பரிசியைக் கலந்தது அப்பாயி. எள் போதுமா, வெல்லம் போதுமா என்று அவள் கைதான் சொல்லும். ஆனால் தாத்தா போன பிறகு படித்துறையில் அவள் மேல்படியோடு நின்றுகொண்டாள். யாரும் நிற்கச் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

இனி இன்றைய கதை. கர்நாடகத்தோடு இருந்த தண்ணீர்த் தகராறுக்காகக் காவிரி நடுவர் மன்றம் 1990-இல் அமைந்தது. 2007-இல் இறுதித் தீர்ப்பு தமிழ்நாட்டுக்கு 192 டி.எம்.சி. என்றது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் டி.எம்.சி. என்ற எழுத்துகள் தெரிந்திருப்பது டெல்டாவில் மட்டும்தான் இருக்கும். ஜூன் 12 என்ற தேதி 2012 முதல் 2019 வரை ஒரு வருஷம்கூட நிற்கவில்லை. 2012-இல் செப்டம்பர் 17, 2016-இல் செப்டம்பர் 20, 2017-இல் அக்டோபர் 2 என்று மேட்டூர் திறப்பு தள்ளிக்கொண்டே போனது. ஆடி பதினெட்டு தன் தேதியில் வந்தது, தண்ணீர்தான் வரவில்லை. குறுவை போன வருஷங்கள் அவை. சம்பா மட்டும், அதுவும் வடகிழக்குப் பருவமழையை நம்பி.

பெண்கள் என்ன செய்தார்கள்? போனார்கள். மணல் தெரிந்த ஆற்றில் ஊற்றுத் தோண்டி இலை போட்டார்கள். அடிபம்புக்கும் மோட்டார் கொட்டகைக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக் கயிறு கட்டினார்கள். ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குழாயில் ஏற்றி ஷவர் அமைத்துக் கொடுத்தார்கள். காவிரியின் படியில் நின்றபடி காவிரி இல்லாமல் குளித்துவிட்டு வந்தது சனம். ஆடிப்பெருக்குக்காகவே மேட்டூரிலிருந்து சில நாட்களுக்குத் தண்ணீர் விடச் சொல்லி அரசு ஆணையிட்ட வருஷங்களும் உண்டு. முன்பு தண்ணீர் வந்ததைக் கொண்டாட ஒரு நாள் வைத்தார்கள். இப்போது அந்த நாள் வருகிறதே என்று தண்ணீரை வரவழைக்க வேண்டியிருக்கிறது. வயலுக்கு ஏறாத அந்தத் தண்ணீர் படித்துறையை நனைத்துவிட்டுக் கடலுக்குப் போனதைப் பார்த்து விவசாயிகள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அவர்களுடைய வீட்டுப் பெண்களே அதில்தான் கயிறு கட்டிக்கொண்டார்கள். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது.

2020-இல் எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தது. ஆற்றில் தண்ணீர் இருந்தது, படித்துறைக்குப் போகத்தான் தடை. கொரோனா. அடுத்த வருஷமும் அப்படியே. அண்டாவில் தண்ணீர் நிரப்பி, மஞ்சள் கரைத்து, மொட்டைமாடியில் இலை போட்டார்கள். 2022-இல் மே 24-ஆம் தேதியே அணை திறந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு மே மாதத்தில் திறந்தது அதுவே முதல்முறை. 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க வைத்துவிட்டு, ஒரே வாரத்தில் அணை நிரம்பி, கொள்ளிடம் கரை தொட்டு ஓடி, சில துறைகளில் கயிறு கட்டிப் போலீஸ் நிறுத்தி, இறங்காதே என்றார்கள். இல்லாவிட்டால் ஷவர், இருந்தால் போலீஸ் என்று ஆகிவிட்டது ஆடி பதினெட்டு. இப்போது ஆனி கடைசியிலேயே குடும்ப வாட்ஸ்அப்பில் கர்நாடக அணை நிலவரம் ஓட ஆரம்பித்துவிடுகிறது. கபினி நிரம்பிட்டுதாம், கே.ஆர்.எஸ். நூறைத் தாண்டிட்டுதாம் என்று அத்தைகள் போடும் செய்திகளுக்குக் கீழே கைகூப்பிய படங்கள் வரிசையாக விழும். வரப்பில் செருப்பைக் கழற்றி நின்றவர்கள் செய்ததைத்தான் இவர்களும் செய்கிறார்கள், நூற்றுக்கணக்கான மைல் மேலே போய் நிற்கிறார்கள்.

வேலையும் கை மாறிவிட்டது. காப்பரிசி பாக்கெட்டில் வருகிறது. காதோலை, கருகமணி, கயிறு, மஞ்சள் எல்லாம் சேர்த்து ‘ஆடிப்பெருக்கு செட்’ என்று பாலிதீன் பையில் கட்டி விற்கிறார்கள். அந்தப் பையும் ஆற்றில் போகிறது. ஆடி என்றாலே கல்யாணம் கிடையாது, கடையில் வியாபாரம் கிடையாது என்றிருந்த மாதம் தள்ளுபடி விற்பனை மாதமாகிப் பல காலம் ஆயிற்று. பதினெட்டாம் நாள் தங்கம் வாங்கினால் பெருகும் என்பது நகைக்கடைக்காரர்கள் கொண்டுவந்த ஐதீகம். அதைப் பற்றி எழுத இதற்குமேல் எதுவுமில்லை. சப்பரம் மட்டும் சில தெருக்களில் இன்னும் ஓடுகிறது, சக்கரத்துக்கு பேரிங் போட்டு.

பொங்கலில் நடந்த மாற்றம் இதைவிடச் சத்தமில்லாதது, என் கணக்கில் இதைவிடப் பெரியது. நெல் வீட்டுக்கு வருவது நின்றுவிட்டது.

முன்பு தை பிறக்கும்போது சம்பா அறுவடை ஆகும். கட்டடித்து, போரடித்து, தூற்றி, களத்தில் நெல்லைக் குவித்ததும் உச்சியில் சாணிப் பிள்ளையார் வைப்பார்கள். மரக்காலால் அளக்கத் தொடங்கும்போது முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். “லாபம்” என்று நீட்டிச் சொல்லிக் கொட்டுவார்கள். அதற்கப்புறம்தான் இரண்டு. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். அளக்கிறவர் வாயில் வேறு பேச்சு வரக் கூடாது. கோயிலுக்கு, பூசாரிக்கு, வண்ணாருக்கு, நாவிதருக்கு, வெட்டியாருக்கு என்று களத்திலேயே பங்கு போகும். அளவில் ஏமாற்றுவதும் அங்கேதான் நடக்கும், சண்டையும் அங்கேதான் வெடிக்கும். மிச்சம் குதிருக்கும் பத்தாயத்துக்கும் வந்து சேரும். அந்தப் புது நெல்லைக் குத்திய அரிசிதான் பொங்கல் பானைக்கு. பானை பொங்கி வழியும்போது வீட்டார் பார்த்துக்கொண்டிருந்தது தாங்கள் ஆறு மாதம் கூடவே இருந்து வளர்த்த ஒன்றை.

இன்று அறுவடை இயந்திரம் காலையில் வயலில் இறங்குகிறது. மதியத்துக்குள் நெல் டிராக்டர் பெட்டிக்கு மாறி, நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுகிறது. அங்கே ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பனி பெய்கிற தை மாதத்தில் அது ஒரு அக்னிப் பரீட்சை. சாலையோரத்தில் நெல்லைப் பரப்பிவிட்டு, தார்ப்பாயோடு இரவெல்லாம் காவல் கிடக்கிற குடும்பத் தலைவர் பொங்கலன்று காலை வீட்டில் இருக்கிறாரா என்பதே சந்தேகம். லாபம் என்று சொல்ல மரக்கால் இல்லை, எலக்ட்ரானிக் தராசு எடையைத்தான் காட்டுகிறது. பொங்கலுக்கு அரிசி ரேஷன் கடையிலிருந்தோ மளிகைக் கடையிலிருந்தோ வருகிறது. பெரும்பாலும் வேறு மாவட்டத்து நெல், சில சமயம் வேறு மாநிலத்து நெல். நெல் விளையும் வீட்டில் கடை அரிசிப் பொங்கல். இதைச் சொன்னபோது திருத்துறைப்பூண்டி பக்கத்து விவசாயி ஒருவர் சிரித்தார். “சாமிக்கென்ன தெரியும்ங்கிறீங்களா? அதெல்லாம் தெரியும். அதான் அரை மா நிலத்துல மாப்பிள்ளைச் சம்பா போட்டிருக்கேன், பானைக்கு மட்டும்.”

அவருடைய விதை வந்த வழி சுவாரசியமானது. பாரம்பரிய நெல் விதைகளைத் தேடிச் சேர்த்த நெல் ஜெயராமன் 2006 முதல் ஆதிரெங்கத்தில் நடத்திய நெல் திருவிழாவில் பாரம்பரிய விதை இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு போனால், அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். ஜெயராமன் 2018 டிசம்பரில் மறைந்தார். அந்த விதைப் பரிமாற்றத்தில் பூசை புனஸ்காரம் எதுவும் பிரதானமில்லை. ஆனால் வாங்கியதைக் கூட்டித் திருப்பிக் கொடுக்கும் அந்த ஏற்பாட்டைக் கிராமத்துக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சாமியிடம் அவர்கள் வைத்திருக்கும் கணக்கும் அப்படித்தான்.

மாட்டுப் பொங்கலைப் பற்றி இரண்டு வார்த்தை. தொழுவம் கார் நிற்கும் இடமாகிவிட்ட வீடுகளில் டிராக்டருக்கும் பைக்குக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்குக் காட்டவாவது ஒரு மாடு வேண்டும் என்பவர்கள் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகிறார்கள். அங்கே நந்திக்குக் காய்கறி, பழம், இனிப்பு எல்லாம் மாலையாகச் சாத்தியிருப்பார்கள்.

இத்தனையும் மாற, மாறாமல் இருப்பது நேர்த்திக்கடன். பிள்ளைக்குக் காய்ச்சல் மூன்றாம் நாளும் இறங்கவில்லையென்றால் அப்பாயி மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து விளக்கு மாடத்தில் வைப்பாள். எந்தச் சாமிக்கு என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். முடிச்சுகள் சேர்ந்துகொண்டே இருக்கும். எது யாருடையது என்பது அவளுக்கு மட்டும் தெரியும். புன்னைநல்லூர் மாரியம்மனுக்கு ஒன்று, வைத்தீஸ்வரன்கோயிலுக்கு ஒன்று, நாகூர் ஆண்டவருக்கு ஒன்று, வேளாங்கண்ணி மாதாவுக்கு ஒன்று. நாகூர் தர்காவின் ஐந்து மினார்களில் மிக உயரமானது, 131 அடி, தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக் கொடுத்தது. அரசன் வேண்டிக்கொண்டதற்கும் அப்பாயி ஒரு ரூபாய் முடிந்ததற்கும் உயரத்தில்தான் வித்தியாசம். இந்தக் கரையிலிருந்து கப்பலேறிய நாகூர்ப் பக்கத்து மரைக்காயர்களும் மற்றவர்களும் 1828-க்கும் 1830-க்கும் இடையில் சிங்கப்பூர் தெலோக் ஆயர் தெருவிலேயே ஒரு நாகூர் தர்காவைக் கட்டினார்கள். கடன் கடல் தாண்டிப் போனாலும் விடாது போலிருக்கிறது.

நாகூரில் மொட்டை போட்டுக்கொண்ட இந்துப் பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே பலர் உண்டு. அன்றைக்கு அதை யாரும் மத நல்லிணக்கம் என்று சொன்னதில்லை. காய்ச்சல் இறங்கியது, கடனைக் கட்டினார்கள். இப்போது அப்படிப் பெயர் வைத்து, பேனர் கட்டி, போட்டோ எடுத்துப் போட வேண்டியிருக்கிறது. மாடத்தில் ஒன்றாகக் கிடந்த முடிச்சுகளைத் தனித்தனியாகப் பிரித்து எண்ணிப் பார்க்கிற கண்கள் கூடிவிட்டதன் விளைவு இது. ஆனாலும் வியாழக்கிழமை மாலை நாகூருக்குப் போகிற பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். நெற்றியில் குங்குமத்தோடு, மடியில் கைக்குழந்தையோடு பெண்கள் இருப்பார்கள். பேனர் எதுவும் அவர்கள் கையில் இருக்காது.

வலங்கைமானைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. திருவாரூர் மாவட்டத்தில், கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி போகும் வழியில் இருக்கும் சிற்றூர். அங்குள்ள மகாமாரியம்மனுக்குப் பங்குனி இரண்டாம் ஞாயிறு பாடைக் காவடி. சாகக் கிடந்து பிழைத்தவர்கள், பிழைத்தால் பாடையில் வருகிறேன் என்று வேண்டிக்கொண்டவர்கள், அன்று பச்சை மூங்கில் பாடையில் படுப்பார்கள். பிணத்துக்குச் செய்வதுபோலவே எல்லாம் செய்வார்கள். நெற்றியில் காசு, வாய்க்கட்டு, காலைச் சேர்த்துக் கட்டு. குடமுருட்டி ஆற்றங்கரையிலிருந்து நாலு பேர் தூக்க, முன்னால் ஒருவர் கொள்ளிச்சட்டி ஏந்த, தாரை தப்பட்டையோடு ஊர்வலம். கோயிலைச் சுற்றி வந்து இறக்கியதும் பூசாரி திருநீறு போட்டுத் தண்ணீர் தெளிக்க, பாடையில் கிடந்தவர் எழுந்து உட்கார்வார். கொள்ளிச்சட்டி தூக்கி வருவது பல சமயம் பெற்ற பிள்ளை. அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். சடங்கு என்று தெரியும், அப்பா உள்ளே மூச்சு விடுகிறார் என்று தெரியும், ஆனாலும் கண் கலங்கியிருக்கும்.

முன்பு அம்மை, வாந்திபேதி, பிரசவம் ஆகியவற்றில் தப்பியவர்கள் படுத்தார்கள். இப்போது நெஞ்சில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு, டெங்குவில் ரத்த அணுக்கள் இறங்கி ஐ.சி.யூ.வில் கிடந்து, கொரோனாவில் ஆக்சிஜனோடு போராடி வந்தவர்கள் படுக்கிறார்கள். டிஸ்சார்ஜ் ஆகி வந்தபிறகு வரும் பங்குனியில் பாடை. மருத்துவத்துக்கும் மாரியம்மனுக்கும் இதில் போட்டி கிடையாது. ஆபரேஷன் பண்ணினது டாக்டர், திருப்பி அனுப்பினவள் ஆத்தா என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். ஆஸ்பத்திரிக்குப் பில் கட்டியாயிற்று, இவளுக்கும் கட்ட வேண்டும். இந்தக் கடனுக்கு ஆற்றில் தண்ணீர் வர வேண்டிய அவசியமில்லை, நெல் வீட்டுக்கு வர வேண்டிய அவசியமில்லை, பயம் ஒன்று போதும். அது எல்லாக் காலத்திலும் கிடைக்கிறது. அதனால்தான் இது மாறவில்லை என்பது என் கணிப்பு.

கடைசியாகக் குலதெய்வம். வயற்காட்டின் நடுவே ஒரு திடல், நாலு பனைமரம், மண்குதிரை, ஒரு கல். அய்யனாரோ வீரனோ பெரியாச்சியோ. பங்காளிகள் அத்தனை பேரும் ஊரிலேயே இருந்தவரை அந்தச் சாமிக்குக் கட்டடம் தேவைப்படவில்லை. பிள்ளைக்கு முதல் மொட்டை, காதுகுத்து, கல்யாணப் பத்திரிகையை முதலில் வைப்பது, வயலுக்குப் போகிற வழியில் ஒரு கும்பிடு என்று சாமியும் குடும்பத்தில் ஒரு பெரியவர்போல இருந்துவிட்டுப் போனது. பிள்ளைகள் சென்னைக்கும் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போன பிறகு வருஷத்துக்கு ஒரு நாள்தான் சந்திப்பு. சந்திப்பு குறையக் குறையக் கட்டடம் உயர்கிறது. தகரக் கொட்டகை, பிறகு கான்கிரீட் மண்டபம், கிரானைட் தரை, கும்பாபிஷேகம். 2018 நவம்பரில் கஜா புயல் பனைகளையும் பழைய மரங்களையும் சாய்த்துவிட்டுப் போன திடல்களில் நிழலுக்கென்று எழுந்த மண்டபங்களும் பல. திருநாளும் அமாவாசை, சிவராத்திரி என்பதிலிருந்து நகர்ந்து, லீவுக்குத் தோதான ஞாயிற்றுக்கிழமைக்கு வந்துவிட்டது.

செலவுக்குத் தலைக்கட்டு வரி. கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. பெண்ணுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. கட்டிக்கொடுத்த பிறகு அவளுக்குப் புருஷன் வீட்டுச் சாமிதான் குலதெய்வம் என்பது விதி. போன முறை எங்கள் பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில், தலைக்கட்டுக்கு ஐயாயிரம் என்று அறிவித்த அரைமணி நேரத்தில் முதலில் பணம் அனுப்பியது அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகள். “இது என் வரி. எனக்கும் ரசீது போடுங்க சித்தப்பா” என்று நாட்டாண்மை பார்ப்பவருக்கு எழுதியிருந்தாள். குழு இரண்டு நாள் அமைதியாக இருந்தது. பிறகு ஆரம்பித்தது. வரி வாங்கினால் பரிவட்டம் கட்ட வேண்டும், பரிவட்டம் கட்டினால் மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள், இன்றைக்கு இவள், நாளைக்கு எல்லாப் பெண்களும் கேட்டால் என்ன செய்வது என்று ஒருவர். கேட்டால் நல்லதுதானே, பெயின்ட் செலவு துண்டு விழுதே என்று இன்னொருவர். எண்பது வயதுப் பெரியம்மா ஒருவர் குரல் பதிவு போட்டார். “அந்தச் சாமிக்கு வருஷம் பூரா விளக்குப் போட்டது யாருடா? பொறந்த வீட்டுப் பொண்ணுங்கதானே?” அதற்கு யாரும் பதில் போடவில்லை.

முடிவில் பணத்தை வாங்கிக்கொண்டார்கள். ரசீதில் வரி என்ற இடத்தை அடித்துவிட்டு ‘நன்கொடை’ என்று எழுதியிருந்தது. அவள் அதைப் போட்டோ எடுத்து அதே குழுவில் போட்டு, அடுத்த வருஷம் திருத்தி அனுப்பச் சொல்லியிருக்கிறாள்.